மகளை இந்தியா–பாகிஸ்தான் கால்பந்துக்குக் கூட்டிப் போகலாமா?

குன்னூரிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகளுக்கு 12 வயது, பள்ளி டீமில் ஆடுகிறாள். இந்தியா–பாகிஸ்தான் மாதிரி ஒரு மேட்சை ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அந்த மாதிரிக் கூட்டத்துக்குப் பெண் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா, கலாட்டா ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, டிவியில் பார்த்தால் போதாதா, மலையிலிருந்து போய்வர என்ன வழி. இவ்வளவும் அவருடைய கேள்விகள்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள்.

நான் அருவங்காட்டுக்காரன். சாயங்கால வேளைகளில் இங்கே பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். 2023 ஜூன் 21ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில், தெற்காசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடியபோது ஒரு வேன் பிடித்து ஒன்பது பேர் போனோம். அதில் நாலு பேர் பிள்ளைகள், இரண்டு பேர் அவர்களுடைய அம்மாக்கள். உங்கள் மகள் வயதில் ஒரு பெண்ணும் இருந்தாள். அன்றைக்குப் பார்த்ததை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்கிறேன்.

அந்த மேட்சில் கணக்குப்படி பதற்றப்பட ஒன்றுமே இல்லை. ஃபிஃபா தரவரிசையில் அப்போது இந்தியா 101, பாகிஸ்தான் 195. அதோடு, விசா தாமதமாகி, பாகிஸ்தான் வீரர்கள் மொரீஷியஸிலிருந்து மும்பை வழியாக மேட்ச் நடக்கும் அன்றைக்குத்தான் பெங்களூரு வந்து சேர்ந்தார்கள். இறங்கிய கையோடு பூட்ஸ் மாட்டியவர்கள் மாதிரிதான். இத்தனையும் தெரிந்தும், படியேறிப் போய் அந்தப் பச்சைத் தரை கண்ணில் பட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு நாட்டுப் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே நம் உடம்புக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது. உங்கள் மகளுக்கும் அப்படித்தான் இருக்கும். அது நல்ல பதற்றம், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆடுகிற பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தான் ஆடாத மேட்சுக்கே கை சில்லிடுகிறது என்றால் உள்ளே ஆடுகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அவளாகவே யோசிப்பாள்.

தேசிய கீதம் பாடும்போது முதலில் பாகிஸ்தானுடையது ஒலித்தது. எங்களுக்குப் பின்வரிசையில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். எங்களோடு வந்த அம்மா ஒருவர் திரும்பி, "எந்திரிங்க தம்பி, பிள்ளைங்க பாக்குது" என்றார். அவ்வளவுதான், எழுந்துவிட்டார்கள். அடுத்து நம்முடைய கீதம். அதே இரண்டு பேர் அதைத் தொண்டை கிழியப் பாடினார்கள். கிளம்புவதற்கு முன்பே உங்கள் மகளிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிடுங்கள். எதிரணியின் கீதத்துக்கு எழுந்து நிற்க வேண்டும், ஊளையிடக் கூடாது. இதை நான் மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. இதற்குப் பின்னால் நம் ஊருக்கே சொந்தமான கதை ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

10ஆவது நிமிடத்தில் முதல் கோல். பாகிஸ்தான் கோல்கீப்பர் காலுக்கு வந்த பந்தை அவர் சரியாக நிறுத்தவில்லை. நம் கேப்டன் சுனில் சேத்ரி விடாமல் ஓடிவந்து அதைப் பறித்து உள்ளே தள்ளினார். 16ஆவது நிமிடத்தில் பெனால்டி, மறுபடியும் சேத்ரி. இரண்டுக்குப் பூஜ்யம். இனி ஜாலியாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

ஆனால் அன்றைக்கு உண்மையிலேயே நெஞ்சு படபடத்தது அதற்கு அப்புறம்தான். இடைவேளைக்குச் சற்று முன்னால் ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் திடீரென்று ஆட்கள் ஓடினார்கள். இரண்டு பக்கத்து வீரர்களும் ஒருவரையொருவர் தள்ளினார்கள், பெஞ்சிலிருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். டிவியில் பார்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. பாகிஸ்தான் வீரர் ஒருவர் த்ரோ போடத் தயாரானபோது நம் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் பந்தை அவர் கையிலிருந்து தட்டிவிட்டிருக்கிறார். எங்களுக்கோ ஒன்றும் தெரியவில்லை. ரீப்ளே இல்லை, விளக்கம் சொல்ல ஆள் இல்லை. கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. "நம்ம ஆளை அடிச்சிட்டாங்க" என்று ஒரு குரல். "இல்ல இல்ல, காறித் துப்பிட்டான்" என்று இன்னொரு குரல். இரண்டுமே பொய். ஆனால் அந்த அரை நிமிடத்தில் என்ன சொன்னாலும் நம்புகிற நிலையில்தான் எல்லோரும் இருந்தோம். நானும்தான். எங்களோடு வந்திருந்த அந்தப் பெண் பிள்ளை என் ஜெர்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இப்ப சண்டை வருமா?" என்று கேட்டாள்.

"ரெஃப்ரியைப் பாரு. அவர் கை எங்க போகுதுன்னு மட்டும் பாரு" என்றேன். சிவப்பு அட்டை. தவறு செய்தது நம் பயிற்சியாளர், வெளியே போனதும் அவர்தான். இடைவேளை வந்தது, எல்லோரும் பாப்கார்ன் வாங்கப் போனார்கள். அந்தப் படபடப்பு மொத்தமாகவே ஐந்து நிமிடம் இருந்திருக்காது.

ஸ்டேடியத்துக்கும் டிவிக்கும் பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது இதுதான். நேரில் போனால் எல்லாமே கூடுதலாகத் தெரியும் என்று நினைக்கிறோம். பல விஷயம் குறைவாகத்தான் தெரியும். கண்டீரவாவில் மைதானத்தைச் சுற்றி தடகள ஓடுபாதை வேறு இருப்பதால் வீரர்கள் இன்னும் தள்ளியே தெரிவார்கள். கூட்டத்தில் வதந்தி எப்படிப் பிறக்கிறது, கோபம் எப்படி வரிசை வரிசையாகப் பரவுகிறது, ஒரு அட்டையைப் பார்த்ததும் எப்படி அடங்குகிறது என்பதை உள்ளே உட்கார்ந்து உணர்ந்த பிள்ளை சீக்கிரம் மறக்காது.

பிறகு 74ஆவது நிமிடத்தில் சேத்ரிக்கு இன்னொரு பெனால்டி, ஹாட்ரிக். 81இல் உதாந்தா சிங். 4–0. 2005 ஜூன் 12 அன்று குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராகத்தான் சேத்ரி இந்தியாவுக்காக முதல் மேட்ச் ஆடினார், முதல் கோலும் அங்கேதான் அடித்தார். 18 வருடம் கழித்து அதே எதிரணிக்கு எதிராக மூன்று கோல். அதை நேரில் பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

இப்போது நம் ஊர்க் கதை. வெலிங்டன் வழியாகத் தினமும் போகிறோம். அங்கே இருக்கும் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955லும் 1958லும் டூராண்ட் கால்பந்துக் கோப்பையை வென்றது இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டன் வந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். முதலில் முன்கள வீரராக ஆடி, அப்புறம் கோல்கீப்பராக மாறினார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்திய அணியில் இருந்தார்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா வரவிடவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக் கூடாது என்று இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி வாதாடினார். அங்கே கோபம் மூண்டது. ஜகார்த்தாவில் இந்தியத் தூதரகத்தையே கும்பல் தாக்கியது. அதற்கு மறுநாள், செப்டம்பர் 4ஆம் தேதி, கால்பந்து இறுதிப் போட்டி. எதிரணி தென் கொரியா, ஆனால் அரங்கத்தில் இருந்த ஏறக்குறைய ஒரு லட்சம் பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கத்தினார்கள். நம் தேசிய கீதத்துக்கே ஊளைச் சத்தம். கோலில் தங்கராஜ் நின்றார். 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி, 20ஆவது நிமிடத்தில் தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங். இந்தியா 2–1 என்று வென்றது. ஆசியத் தங்கம். அதற்குப் பிறகு இந்த 60 வருடத்துக்கு மேல் கால்பந்தில் அந்தத் தங்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

அந்த அரங்கத்தில் அன்றைக்கு இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணி. அதே போட்டியில் ஹாக்கி இறுதியில் நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நம் கால்பந்து அணிக்கு ஆதரவாகக் கத்தினார்கள். இந்தியா–பாகிஸ்தான் மேட்சுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதை வேனில் வைத்தே சொல்லிவிடுவேன். கீதத்துக்கு ஊளையிட்டால் எப்படி இருக்கும் என்று நம் வெலிங்டன் ஆள் ஒருவர் கோல் கம்பத்துக்குக் கீழே நின்று கேட்டிருக்கிறார். அதை நாம் இன்னொருவருக்குச் செய்ய வேண்டாம்.

சரி, பாதுகாப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நீங்கள் பயப்படும் இடம் ஒன்று, பயப்பட வேண்டிய இடம் வேறொன்று.

1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் மேட்சில் ரசிகர்களுக்குள் அடிதடி கிளம்பி, நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். அன்று இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பது உண்மை. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கத்தில் 135 பேர் இறந்தார்களே, அங்கே எதிரணி ரசிகர்களை உள்ளேயே விடவில்லை. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, கூட்டம் வாசலுக்கு ஓடியது, வாசலில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே 11 பேர் இறந்தபோது எதிரணி என்று ஒன்றே கிடையாது, அது வெற்றிக் கொண்டாட்டம். எனவே பக்கத்து நாட்டுக்காரனை நினைத்துப் பயப்படுவதைவிட வாசலை நினைத்துப் பயப்படுங்கள்.

வாசலைப் பற்றி நாங்கள் செய்வது இது. மேட்ச் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுவோம். கடைசி அரை மணி நேரத்தில் வருகிறவர்கள்தான் வாசலில் முட்டுவார்கள். உட்கார்ந்ததும் பிள்ளைகளை ஒருமுறை எழுப்பி, நாம் வந்த வழி எது, இன்னொரு வழி எங்கே இருக்கிறது என்று நடந்தே காட்டிவிடுவேன். வரிசையின் ஓரத்தில், படிக்குப் பக்கத்து இருக்கைகளாகப் பார்த்து உட்காருவோம். கடைசி விசில் ஊதியதும் எழுந்திருக்கவே மாட்டோம். வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து, ரசிகர்களோடு சேர்ந்து தலைக்கு மேல் கைதட்டுவார்கள், அதை முழுக்கப் பார்த்துவிட்டு 20 நிமிடம் கழித்துத்தான் இறங்குவோம். அதற்குள் படி காலியாகியிருக்கும். கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காமல் போவது சகஜம். அதனால் அப்பா, அம்மா இரண்டு பேர் நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மகளின் பையில் அல்ல, பாக்கெட்டில் வையுங்கள், பை தொலைந்துபோகும். பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஒரு இடத்தை வெளியிலேயே காட்டிவிட்டு உள்ளே போங்கள். தப்பித் தவறி நெரிசலில் மாட்டினால், கீழே எது விழுந்தாலும் குனியக் கூடாது, இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, கூட்டம் போகும் போக்கிலேயே ஓரமாக ஒதுங்க வேண்டும். இதை வீட்டிலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள்.

பெண் பிள்ளை என்று தனியாகக் கேட்டீர்கள். எங்களோடு வந்த அம்மாக்கள் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்று உண்டு. இடைவேளையில் பெண்கள் கழிப்பறை வரிசை மேட்ச் மறுபடி தொடங்கிய பிறகும் நகராது. 40ஆவது நிமிடத்திலேயே போய் வந்துவிட வேண்டும். குடும்பமாக வந்தவர்கள் நிறைய உட்கார்ந்திருக்கும் பகுதியில் டிக்கெட் எடுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் கொட்டு அடித்துக்கொண்டு 90 நிமிடமும் நிற்கும் ரசிகர் குழுவோடு முதல் தடவையே போய்ச் சேர வேண்டாம். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் 12 வயதுப் பிள்ளைக்கு அங்கே எதிரில் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.

டிவியில் பார்த்தால் போதாதா என்ற கேள்விக்கு இன்னொரு மேட்சைச் சொல்கிறேன். அதே தொடரின் இறுதிப் போட்டி, ஜூலை 4, எதிரணி குவைத். குவைத் என்றால் நமக்குப் பகையா, பழைய கணக்கா, ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த மேட்ச் பாகிஸ்தான் மேட்சைவிட நூறு மடங்கு பதற்றம். 1–1 என்று நின்று, பெனால்டி வரை போய், அதிலும் சமமாகி, கடைசியில் குவைத் கேப்டன் அடித்த பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுக்க, 5–4. லீவு கிடைக்காததால் அதை நான் வீட்டில் டிவியில்தான் பார்த்தேன். பந்து போகும் இடமெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் பந்து இல்லாத இடம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

நேரில் பார்க்கும்போது பந்து அந்தக் கோடியில் இருக்க, நம் கோல்கீப்பர் இந்தக் கோடியில் தனியாக என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். பாகிஸ்தான் மேட்சில் எங்கள் பக்கத்துப் பாதியில் அதை நன்றாகப் பார்த்தோம். பந்து 70 மீட்டர் தள்ளி இருக்கிறது, அவரோ பெனால்டி கட்டத்தின் விளிம்பு வரை நடந்து வருகிறார், திரும்பிக் கம்பத்தை ஒருமுறை பார்க்கிறார், இடது பக்கத் தடுப்பாட்டக்காரரை நாலு அடி உள்ளே வரச் சொல்லிக் கையாட்டுகிறார், க்ளவுஸை இறுக்குகிறார், மறுபடி நடக்கிறார். 90 நிமிடமும் ஓயவில்லை. எங்களோடு வந்த அந்தப் பெண் பிள்ளையும் கோல்கீப்பர்தான். நம் மலையில் சமதளமான மைதானம் எங்கே இருக்கிறது? பந்து உருண்டு தேயிலைக் காட்டுக்குள் போனால் அதை எடுத்துவர ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் கம்பத்தில் சாய்ந்து நிற்பது அவள் வழக்கம். பெங்களூரு போய்வந்த மறுவாரம் பார்க்கிறேன், பந்து மேல்கோடியில் இருக்கும்போதே கட்டத்தின் விளிம்பில் நின்று, "அக்கா, உள்ள வாங்க! அக்கா, லெஃப்ட்ல ஆள்!" என்று கத்திக்கொண்டிருக்கிறாள். நான் இரண்டு வருடமாகச் சொல்லியும் ஏறாதது ஒரு ராத்திரியில் ஏறிவிட்டது.

உங்கள் மகள் எந்த இடத்தில் ஆடுகிறாளோ அந்த இடத்து வீரரை மட்டும் முதல் 20 நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். பந்தைப் பார்க்க வேண்டாம். கஷ்டமாக இருக்கும், ஆனால் அதற்காகத்தான் டிக்கெட்.

போய்வரும் வழி. அருவங்காட்டிலிருந்து விடிகாலை கிளம்பி, ஊட்டி, நடுவட்டம், கூடலூர், முதுமலை, பந்திப்பூர், குண்டல்பேட்டை, மைசூரு வழியாகப் பெங்களூரு. ஏறக்குறைய 300 கிலோமீட்டர், பிள்ளைகளோடு போனால் எட்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். கூடலூர் இறக்கத்தில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. நாங்கள் வர்க்கியும் வாழைப்பழமும் கொண்டுபோனோம். முக்கியமான விஷயம், பந்திப்பூர்க் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மேட்ச் ஏழரைக்குத் தொடங்கினால் முடிவதே ஒன்பதரை. அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பெங்களூரில் தங்குங்கள். இல்லை, தங்க முடியாது என்றால் இரவு ரயிலில் கோயம்புத்தூர் வந்து, மேட்டுப்பாளையம் வழியாக ஏறிவிடுங்கள். மழைக்குக் குடையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நமக்கு ஜெர்கினும் குல்லாவும் பழக்கம்தானே, அது போதும்.

இந்தியா–பாகிஸ்தான் கால்பந்து இனி எப்போது, எங்கே என்று காத்திருந்தால் மகள் காலேஜ் முடித்துவிடுவாள். வங்கதேசத்தோடு மோதினாலும் குறைவில்லை. 2019 அக்டோபரில் கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 88ஆவது நிமிடம் வரை நாம் பின்தங்கியிருந்து, ஆதில் கான் தலையால் முட்டி 1–1 ஆக்கினார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் கோலே இல்லாமல் 0–0. கொச்சியில் ஒரு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) மேட்சுக்கு முதலில் கூட்டிப் போய்ப் பழக்கினால் இன்னும் நல்லது. கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் வழியாக இறங்கினால் போகிற வழியெல்லாம் கால்பந்துப் பைத்தியம் பிடித்த ஊர்கள்தான், பிள்ளைகள் வேன் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள்.

அப்புறம், பெண்கள் அணியையும் மறந்துவிடாதீர்கள். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் ஆடிய தாய்லாந்தை நம் பெண்கள் 2–1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். ஆடுகிற பெண் பிள்ளை முதலில் நேரில் பார்க்க வேண்டியது அந்த அணியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பக்கத்தில் எங்கே ஆட வந்தாலும் நான் ஆண்கள் மேட்சை விட்டுவிட்டு அதற்குத்தான் வேன் பேசுவேன்.

2018இல் மும்பையில் இந்தியா 5–0 என்று வென்ற மேட்சைப் பார்க்க மூவாயிரம் பேர்கூட வரவில்லை. சேத்ரி வீடியோவில் கும்பிடாத குறையாகக் கேட்டார், திட்டுவதற்காகவாவது ஸ்டேடியத்துக்கு வாருங்கள் என்று. இரண்டு நாள் கழித்து அதே ஸ்டேடியம் நிரம்பிவிட்டது. நான் மேட்சுக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்தது அதைப் பார்த்த பிறகுதான்.

பெங்களூரிலோ கொச்சியிலோ அடுத்த மேட்ச் அறிவித்ததும் இங்கே வேன் பேசிவிடுவோம். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஏற்றிக்கொள்வதில் சிரமம் ஒன்றும் இல்லை. உங்களுக்கும் மகளுக்கும் இரண்டு இடம் வைக்கிறேன், அவள் அம்மாவும் வந்தால் மூன்று. அவள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், எந்தப் பக்கம் டிக்கெட் எடுப்பது என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.